மீசை நின்றால் பட்டன்

ஒருவர் பேசி முடித்த பிறகு அதை எழுதுவது யாராலும் ஆகக்கூடிய காரியம். அவர் பேசுவதற்கு முன்பே எழுதியவள் நான். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று இருந்தது. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தோடு முடிந்துபோயிற்று. அதற்கப்புறம் இத்தனை வருஷமாக, எங்கள் வீட்டில் நான் ஏதாவது ஒன்றை அழுத்தமாகச் சொன்னால், யாராவது ஒருவர் தன் காதைத் தொட்டுக் காட்டுவார். நானும் சண்டை போட்டுப் பார்த்துவிட்டேன். அலுத்துவிட்டது. நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

திருவொற்றியூரில், கடலுக்கும் எண்ணூர் ரோட்டுக்கும் நடுவில் ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்குப் பக்கத்திலிருந்த பெரிய கம்பெனி ஒன்றில், ஹாமர் ஷாப்பில் வேலை. பழுக்கக் காய்ச்சிய இரும்பை ஆள் உயரத்தைவிடப் பெரிய சம்மட்டி ஒன்று நாள் முழுக்க அடித்துக்கொண்டிருக்கும் இடம் அது. சேர்ந்த கொஞ்ச வருஷத்தில் காது மந்தமாகும். அப்புறம் டமாரச் செவிடு. காதில் வைத்துக்கொள்ளக் கம்பெனியில் பஞ்சு கொடுத்தார்கள். அதை எல்லாரும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள், விளக்குத் திரிக்கு.

எங்கள் சந்து முழுக்க ஹாமர் ஷாப் குடும்பங்கள்தான். ஆண்கள் தங்களுக்குள் கையாலும் உதட்டசைவாலும் பேசிக்கொள்வார்கள். அந்தச் சத்தத்துக்குள் வேலை பார்த்துப் பார்த்துப் பழகிய பேச்சு அது. ஆனால் டி.வி.யிடம் கையால் பேச முடியாதே. அதனால் சாயங்காலம் ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் டி.வி. அலறும். ஒரே நேரத்தில் நாற்பது வீட்டில் ஒரே செய்தி, ஆளுக்கொரு உச்சத்தில். கடைசியில் பெண்கள் எல்லாரும் சேர்ந்து கேபிள் தாமு அண்ணன் கடைக்கே போய்விட்டார்கள்.

"சவுண்டு வெச்சா எங்க காது போவுது. வெக்காங்காட்டி இவுங்க உசுர வாங்கறாங்க. நீயே ஒரு வழி சொல்லு, இல்லன்னா ஒயர அத்துடுவோம்" என்றாள் என் அம்மா. தலைமை தாங்கிப் போனதே அவள்தான்.

தாமு அண்ணன் எங்கள் பகுதிக்கென்று தனியாக ஒரு சேனல் நடத்தினார். பகலில் பழைய படம், சாயங்காலம் அரை மணி நேரம் லோக்கல் செய்தி. செய்தி வாசிப்பது அவர் மனைவி செல்வி அண்ணி. தாமு அண்ணன் கூடவே கல்யாண வீடியோவும் எடுப்பார். மணமக்கள் பெயரைப் படத்தின் மேல் ஏற்ற ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தார். இரண்டு வரி அடித்து ஒரு பட்டனைத் தட்டினால் திரையின் அடியில் எழுத்து வந்து நிற்கும், இரண்டு பக்கமும் ரோஜாப்பூ மலரும். அந்த ரோஜாவை எடுக்க அவருக்கும் தெரியாது, கடைசிவரை எனக்கும் தெரியவில்லை. தண்ணீர் லாரி கவிழ்ந்தாலும் ரோஜா, கடல் அரித்து வீடு இடிந்தாலும் ரோஜா.

நான் அப்போதுதான் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு, உலகம் என்னைக் கூப்பிடும் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தேன். உலகத்துக்குப் பதிலாகத் தாமு அண்ணன் கூப்பிட்டார்.

செய்திக்கு எழுத்துப் போடுவது சுலபம். அண்ணி எதைப் படிக்கப்போகிறார்களோ அதன் நகல் எனக்கு முன்கூட்டியே வந்துவிடும். இரண்டிரண்டு வரியாக அடித்து வரிசையாக வைத்துக்கொள்வேன். அண்ணி ஒரு வாக்கியத்தை ஆரம்பித்ததும் பட்டனைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான். (அண்ணி சில நாள் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிடுவார்கள். அன்றைக்குப் பிள்ளையார் கோவில் கும்பாபிஷேகத்தில் ஆரம்பித்து ரேஷன் மண்ணெண்ணெயில் முடியும்.)

கஷ்டம் எப்போது வந்ததென்றால், நைனாவின் கம்பெனியை இழுத்து மூடியபோது. சம்பளத் தகராறு, கதவடைப்பு. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனி வாசலில் கேட் மீட்டிங். கூட்டத்தில் நின்றால் ஒன்றும் கேட்காது என்பதால் ஹாமர் ஷாப்காரர்கள் போவதில்லை. அவர்களுக்காகத் தாமு அண்ணன் வாசலிலிருந்து தன் கடைவரை ஒயர் இழுத்து, யூனியன் தலைவர் பேசுவதை நேரலையாகக் காட்டினார். அதற்கும் நான்தான் எழுத்து.

நேரலைக்கு முன்கூட்டி நகல் கிடையாது. தலைவரின் குரல் ஹெட்போனில் வரும். கேட்க வேண்டும், சுருக்க வேண்டும், அடிக்க வேண்டும், பட்டனைத் தட்ட வேண்டும். நான் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் அவர் நாலாவதில் இருப்பார். நாலாவதைப் பிடிக்கத் தாவினால் நடுவில் இரண்டு காணாமல் போகும். அவர் நிர்வாகத்தைக் கிழிகிழியென்று கிழித்துவிட்டு உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருக்கும்போது, கீழே என் எழுத்து சாவகாசமாக 'நம் இரத்தம் கொதிக்கிறது' என்று வந்து சேரும்.

"இன்னாடி இது, அந்தாளு சோடா குடிச்சிகினு கீறான், நீ ரத்தம் கொதிக்குதுன்ற?" என்றாள் அம்மா. ஹையர் முதல் வகுப்பு. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

நாலைந்து வாரம் இப்படி அல்லாடிய பிறகு ஒரு உண்மை தெரிந்தது. தலைவர் வாராவாரம் ஒரே பேச்சைத்தான் பேசினார். தோழர்களுக்கு வணக்கம், நிர்வாகத்தின் பிடிவாதம், குழந்தைகளின் பசி, கொதிக்கும் இரத்தம், பேச்சுவார்த்தை தோல்வி, போராட்டம் தொடரும், அடுத்த ஞாயிறு சந்திப்போம். பாவம், சொல்வதற்குப் புதிதாக அவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பேச்சை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றி வரிசையாக வைத்துவிட்டேன். இனிமேல் அடிக்கவே வேண்டாம், தட்டினால் போதும்.

எப்போது தட்டுவது என்பதற்கும் ஒரு வழி இருந்தது. தலைவருக்கு இரண்டு உதட்டையும் மூடுகிற மீசை. (ஹாமர் ஷாப்காரர்களால் உதட்டைப் படிக்க முடியாத ஒரே மனிதர் அவர்தான்.) பேசும்போது மீசை ஆடும், வாக்கியம் முடிந்தால் நிற்கும். மீசை நின்றால் பட்டன். காதில் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த ஹெட்போன் வேறு காதைக் கவ்விப் பிடித்து வலியெடுக்கும். கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

அதிலிருந்து என் புகழ் ஏறியது. சில சமயம் அவசரத்தில் மீசை நிற்பதற்கு முன்பே தட்டிவிடுவேன். தலைவர் 'நிர்வாகத்தின்' என்று இழுப்பதற்குள் கீழே 'பிடிவாதம்' வந்து நிற்கும். பக்கத்து வீட்டு முனுசாமி மாமா என்னைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார்.

"தலைவரு மனசுல கீறதுகூட உனக்குத் தெரியுதேம்மா!" என்றார், ஊருக்கே கேட்கிற குரலில்.

நைனா அன்றைக்குச் சந்தில் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, விரலால் காற்றில் டைப் அடித்துக் காட்டி, நெஞ்சைத் தட்டிக்கொள்வார். எம் பொண்ணு.

சந்தும் அமைதியானது. எழுத்துதான் வருகிறதே என்று எல்லா வீட்டிலும் சத்தத்தைச் சுத்தமாக எடுத்துவிட்டார்கள். கேட்கிற காது உள்ள பெண்கள்கூட டி.வி.யை ஊமையாக ஓடவிட்டு வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக வீட்டுக்குள்ளேயே அலைச்சத்தம் கேட்டது என்றாள் அம்மா.

இன்னொன்றும் நடந்தது. கதவடைப்பு ஏழெட்டு மாதம் நீண்டதில் வாரம் ஒரு வதந்தி கிளம்பும். கம்பெனி திறக்கிறதாம், நாளைக்கே திறக்கிறதாம். நைனா இரண்டு தடவை நம்பி, காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, சாப்பாட்டுத் தூக்கோடு போய்ப் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். இரண்டாம் தடவை தூக்கைத் திறக்காமலே கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்புறம் சந்தில் ஆண்கள் கூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஊர் ஆயிரம் பேசும், எழுத்தில் வந்தால்தான் நம்புவது. என் எழுத்தில்.

இந்த நிலைமையில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

தாமு அண்ணன் கேமராவோடு கம்பெனி வாசலில் இருந்தார். அண்ணி செய்தியை முடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். நான் கடையில் தனியாக, சுடச்சுட ஒரு பொட்டலம் சுண்டலோடு. வலது கை சுண்டலுக்கு, இடது கை பட்டனுக்கு. ஹெட்போன் கழுத்தில். தலைவர் மேடை ஏறினார், மீசை ஆடியது, நின்றது. தட்டினேன். ஆடியது, நின்றது, தட்டினேன். நடுவில் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்று நினைத்தேன். 'நம் இரத்தம் கொதிக்கிறது' தட்டினேன். 'பேச்சுவார்த்தை தோல்வி, போராட்டம் தொடரும்' தட்டினேன். மாங்காய்த் துண்டு ஒன்று பொட்டலத்தின் அடியில் ஒளிந்திருந்தது, அதைத் தேடிக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்தால், திரையில் கூட்டம் ஆடிக்கொண்டிருந்தது. துண்டுகள் பறந்தன. தலைவரைத் தோளில் தூக்கிவிட்டார்கள். அதற்குக் கீழே இரண்டு ரோஜாவுக்கு நடுவில் என் எழுத்து, பேச்சுவார்த்தை தோல்வி, போராட்டம் தொடரும்.

அதே நேரத்தில் எங்கள் வீட்டில் நடந்ததை அம்மா அப்புறம் சொன்னாள். நைனா எழுந்து நின்றுவிட்டாராம். கண் கலங்கிவிட்டதாம்.

"இன்னா ஒத்துமைடா! கஞ்சிக்கு வழியில்ல, போராட்டம் தொடரும்னா டான்ஸ் ஆடறானுங்க பாரு!" என்று திரையைப் பார்த்து முஷ்டியை உயர்த்தினாராம்.

தாமு அண்ணன் மூச்சிரைக்க ஓடிவந்தார். "கேட்டியா? கேட்டியாம்மா? நாளைக்குக் கம்பெனி தொறக்குது! கெலிச்சிட்டோம்! காலைல மொத சங்குக்குள்ள வந்து கையெழுத்து போடணுமாம். போடாதவன் வேலை வோணாம்னு எழுதிக் குடுத்த மாரியாம். எல்லாத்தையும் கரீட்டா போட்டியா?"

என் வாயில் சுண்டல் இருந்தது.

உள்ளதைச் சொன்னால், முதலில் எனக்குத் தோன்றியது, யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்பதுதான். சத்தத்தைக் கேட்டிருப்பார்களே. சந்தில் யார் வீட்டிலும் சத்தமே இல்லை என்பது அடுத்த நொடிதான் உறைத்தது. சைக்கிளை எடுத்தேன்.

சந்து முனையில் மற்ற தெருக்காரர்கள் நின்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். திறக்குது, நாளைக்குத் திறக்குது. ஹாமர் ஷாப்காரர்கள் கட்டிய கையை அவிழ்க்காமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். முனுசாமி மாமா வாயருகே விரல்களைக் குவித்து ஊதிக் காட்டினார். அவர்கள் பாஷையில் அதற்குப் புரளி என்று அர்த்தம்.

நைனா டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார். எதிரில் போய் நின்று, உதடு தெரியும்படி நிறுத்திச் சொன்னேன். "நைனா, நாளைக்குக் கம்பெனி தொறக்குது."

"நீயுமா?" என்றார். "எழுத்துல அப்டி வர்லியே."

"எழுத்து தப்பு நைனா."

"எவன் சொன்னான்?"

"அத்த எழுதுனதே நான்தான்!"

"அதான் சொல்றேன். நீ எழுதுனா கரீட்டாத்தான் இருக்கும். எழுதசொல்லோ காதுல மாட்டிக்கினு, தலைவரு வாயால சொல்றத கேட்டு எழுதற. இப்போ எவனோ ரோட்ல சொன்னத கேட்டுக்கினு வந்து சொல்ற. நான் எத நம்பறது?"

அம்மா நடுவில் வந்தாள். "யோவ், பெத்த பொண்ணு சொல்றாய்யா!"

"பொண்ணு சொல்றது வேற, பொண்ணு எழுதறது வேற" என்றார் நைனா. நான் எழுதியதற்காக என்னையே நம்பாத மனிதரை நான் அதற்கப்புறம் பார்த்ததில்லை.

வேறு வழியில்லை. கையால் சொன்னேன். இல்லாத ஹெட்போனைக் காதிலிருந்து கழற்றிக் கழுத்தில் போட்டுக் காட்டினேன். பொட்டலத்தைப் பிரித்தேன். சுண்டலை எடுத்து வாயில் போட்டு மென்றேன். மேல் உதட்டில் விரலை வைத்து ஆட்டினேன், நிறுத்தினேன், இடது கையால் தட்டினேன். ஆட்டினேன், நிறுத்தினேன், தட்டினேன். மென்றேன்.

நைனா மறுபடி காட்டு என்று சைகை செய்தார். மறுபடி காட்டினேன். எத்தனை வாரமாக என்று கேட்டார். அதையும் காட்டினேன். அதற்கப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காது கேட்காதவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அத்தோடு பேச்சு முடிந்தது. நான் எவ்வளவு கத்தினாலும் அது எனக்கு மட்டும்தான். அழுதேன். அதுவும் எனக்கு மட்டும்தான்.

திரும்பக் கடைக்கு ஓடினேன். தாமு அண்ணன் படம் போட்டுவிட்டிருந்தார், நல்ல சண்டைக் கட்டம். அவர் தடுப்பதற்குள் பெரிய எழுத்தில் அடித்துத் தட்டிவிட்டேன். 'முன்பு வந்தது தவறு. நாளை ஆலை திறப்பு. தவறாமல் வரவும்.' இரண்டு பக்கமும் ரோஜா மலர்ந்தது. அசப்பில் அது ஒரு வரவேற்புப் பத்திரிகை.

சந்தில் அதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, மேனேஜ்மெண்ட் கேபிள்காரனை விலைக்கு வாங்கிவிட்டது என்று முடிவு கட்டினார்கள். "மொதல்ல வந்தது தலைவரு பேசசொல்லோ வந்தது. அப்பால வந்தது சினிமா நடுவுல வந்தது. எது நெசம்?" என்று முனுசாமி மாமா கேட்டாராம். நியாயமான கேள்வி. நாளைக்கு எவனும் கேட் பக்கம் போகக்கூடாது என்றும் பேசி வைத்துக்கொண்டார்கள். நான் திருத்தியதில் சந்தேகமாக இருந்தது உறுதியாகிவிட்டது.

நான் கடையிலிருந்து திரும்பும்போது நைனா படுத்துவிட்டிருந்தார். ஹாமர் ஷாப்பில் இருந்த அத்தனை பேருக்கும் என்னால் வேலை போகப்போகிறது. அதில் ஒருவர் என்னைப் பெற்றவர். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. (சுண்டல் அப்படியே நெஞ்சில் நின்றது வேறு.)

விடியற்காலையில் கண் விழித்தபோது நைனாவின் பாய் சுருட்டியிருந்தது. ஆணியில் காக்கிச் சட்டை இல்லை. வாசலுக்கு ஓடினேன்.

நைனா முழு உடுப்பில் முனுசாமி மாமா வீட்டு வாசலில் நின்றிருந்தார். மாமா பனியனோடு கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். நைனா இரண்டு கையாலும் காதிலிருந்து எதையோ கழற்றிக் கழுத்தில் போட்டார். பொட்டலம் பிரித்தார். மென்றார். மேல் உதட்டில் விரலை வைத்து ஆட்டினார், நிறுத்தினார், தட்டினார். மெல்லுவதில் என் தாடை கொஞ்சம் ஒருபக்கமாகப் போகும், அதைக்கூட விடவில்லை. மாமா முதலில் முழித்தார், அப்புறம் சிரித்தார், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துச் சட்டையை எடுக்க உள்ளே ஓடினார்.

நைனா அடுத்த வீட்டுக்குப் போனார். கழற்றினார், பிரித்தார், மென்றார். அதற்கடுத்த வீடு. இதே சந்தில் என்னைப் பற்றி நெஞ்சைத் தட்டிக்கொண்டு நடந்தவர், ஒரு வாசல் விடாமல் என் லட்சணத்தை நடித்துக் காட்டிக்கொண்டே போனார். சந்து முழுக்கச் சிரிப்பு. ஒவ்வொரு சிரிப்புக்கும் ஒரு காக்கிச் சட்டை வெளியே வந்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்று செத்துக்கொண்டிருந்தேன்.

எல்லாரும் போய்ச் சேர்ந்தபோது முதல் சங்கு இன்னும் ஊதவில்லை. கேட் திறந்திருந்தது. எதிர்ப்பக்கம் நின்றிருந்த கண்டெய்னர் லாரி ஒன்றின் மறைவில் சைக்கிளோடு நின்று பார்த்தேன். முதலில் கையெழுத்து போட்டவர் நைனா. கொஞ்ச நேரத்தில் ஹாமர் அடிக்கத் தொடங்கியது. காலுக்கடியில் ரோடு அதிர்ந்தது. அந்தச் சத்தத்தை அதற்கு முன்னால் நான் வைதுதான் பழக்கம்.

சாயங்காலம் நைனாவிடம் கேட்டேன். "நேத்து திரும்பி உக்காந்துக்கினியே, காலைல எப்டி நம்பின?"

"இவ்ளோ கேவலத்த எவளாச்சும் தன்னப் பத்தியே பொய்யா சொல்வாளா?" என்றார்.

தலைவருக்கும் விஷயம் போயிருந்தது. அடுத்த ஞாயிறு வெற்றிக் கூட்டத்தில் பேச்சை ஆரம்பிக்குமுன் கேமராவைப் பார்த்து, "தங்கச்சி, காதுல மாட்டிக்கினியாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தார். கூட்டம் சிரித்து ஓய்ந்த பிறகு அந்த வரியையும் நானே அடித்துத் தட்ட வேண்டியிருந்தது. அதற்கப்புறம் என் எழுத்து பழையபடி நாலு வாக்கியம் பின்னாலேயே வந்தது. யாரும் குறை சொல்லவில்லை. பின்னால் வந்தால் கேட்டு எழுதுகிறாள் என்று அர்த்தம் என்றார்கள்.

சில வருஷம் கழித்து கம்பெனி நிஜமாகவே மூடியது. அந்தச் செய்தியைக் கவனமாகக் கேட்டு, ஒரு வாக்கியமும் விடாமல் போட்டேன். அந்த ஒரு நாளாவது தப்பாக எழுதியிருக்கக்கூடாதா என்று எனக்கே இருந்தது.

நைனாவுக்கு இப்போது சுத்தமாகக் காது இல்லை. போன மாதம் என் மகள் அவருக்குப் போனில் செய்தி போட்டுக் கொடுத்தாள். யாரோ பேசப் பேசக் கீழே தானாக எழுத்து வந்துகொண்டிருந்தது. அவருக்கு ஆச்சரியம்.

"யாரு எழுதறா?" என்று கேட்டார்.

"யாரும் இல்ல தாத்தா. மெஷினே எழுதுது" என்று உதடு தெரியச் சொன்னாள்.

நைனா போனிலிருந்து கண்ணை எடுத்து, சமையல்கட்டில் நின்ற என்னைப் பார்த்துக்கொண்டே, தெருவுக்கே கேட்கும்படி அவளிடம் கேட்டார்.

"கேட்டுக்கினு எழுதுதா, இல்ல உங்கம்மா மாரியா?"